விதிவிலக்காக்கப்பட்ட பிள்ளைகள்

பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு ஒரு குடும்பம் வேண்டும் என்று சொன்னால் இன்று மறுப்பவர் கிடையாது. தத்துக் கொடுக்கலாம், சித்தியோ பாட்டியோ வளர்க்கட்டும், அதுவும் இல்லையென்றால் வளர்ப்புக் குடும்பம் ஒன்றைத் தேடலாம் என்று சட்டமும் அதிகாரிகளும் தொண்டு நிறுவனங்களும் ஒரே குரலில் பேசுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு மூளை முடக்குவாதமோ டவுன் சிண்ட்ரோமோ இருப்பது தெரிந்த நொடியில் பேச்சு மாறிவிடுகிறது. "இதை வீட்டுல வெச்சுப் பாக்க முடியாதுங்க. நல்ல ஹோமா பாத்து விட்டுடுங்க." மருத்துவமனை வராந்தாவிலும் உறவினர் வீட்டுக் கூடத்திலும் சொல்லப்படுகிற இந்த வார்த்தைகளில் கொடுமை எதுவும் தொனிப்பதில்லை. சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஒரு குழந்தையின் வாழ்நாள் முழுவதையும் தீர்மானிக்கும் யோசனை அக்கறையின் குரலில் வருவதாலேயே யாரும் அதை நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை.

அந்தப் பார்வையை அதன் பலத்தோடேயே எடுத்துக்கொள்வோம். குறைபாடுள்ள பிள்ளையைக் கவனிக்கத் தனிப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். கூலி வேலைக்குப் போகும் தாயால் அது முடியாது. கைவிடப்பட்ட பிள்ளை என்றால் எடுத்து வளர்க்க எவரும் முன்வர மாட்டார்கள். ஆகவே இல்லங்கள் பெருக வேண்டும், இருக்கும் இல்லங்களுக்கு நன்கொடை குவிய வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் தேறவில்லை.

சட்டம் சொல்வது இதற்கு நேர் எதிர். ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. பெற்றோரால் வளர்க்க முடியாத நிலையில் நெருங்கிய உறவினரைத் தேடு, அவர்களும் இல்லையென்றால் ஊருக்குள்ளேயே ஒரு குடும்பச் சூழலில் வை என்கிறது அதன் 23ஆம் பிரிவு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இதையே 9ஆம் பிரிவில் சொல்கிறது. குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தக் குழந்தையையும், நீதிமன்ற ஆணை இல்லாமல், பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது. பெற்றோரால் முடியாதபோது முதலில் உறவினர், பிறகு குடும்பச் சூழல். இல்லம் என்பது விதிவிலக்கான நேர்வுகளுக்கு மட்டும். நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாக நிற்கிறது. இல்லம் முதலில் வருகிறது. குடும்பத்தைத் தேடும் வேலை பல நேரங்களில் தொடங்குவதேயில்லை.

விதிவிலக்கு என்ற ஒரு சிறிய கதவு குறைபாடுள்ள குழந்தைகளுக்கு எதைக் கொண்டுவந்தது என்பதை ருமேனியாவின் வரலாறு போலத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும் என்று 1966இல் அந்நாட்டுச் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் அரசு 770ஆம் எண் ஆணையின் மூலம் கருக்கலைப்பைத் தடை செய்தது. வளர்க்க வழியில்லாமல் பிறந்த குழந்தைகளை அரசே வாங்கிக்கொள்ளும் என்றது. பெற்றோரைவிட அரசு நன்றாக வளர்க்கும் என்ற பிரச்சாரமும் நடந்தது. 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இல்லங்களில் இருந்தார்கள். மூன்று வயதில் குழந்தைகளைப் பரிசோதித்துத் தரம் பிரித்தார்கள். தேறாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் ஊருக்கு வெளியே இருந்த தனி இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவற்றில் ஒன்று ஹங்கேரி எல்லையை ஒட்டிய சிகித். 1990இல் ஜெர்மன் பத்திரிகையாளர்கள் அங்கே நுழைந்தபோது வெப்ப வசதியற்ற அறைகளில், அழுக்கில், எலும்பும் தோலுமாகக் குழந்தைகள் கிடந்தார்கள். அதற்கு முந்தைய சில ஆண்டுகளுக்குள் அந்த ஒரே இல்லத்தில் 130க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தார்கள். முத்திரை விழுந்த பிள்ளைகளில் பலருக்கு இருந்தது கால் வளைவு, மாறுகண் போன்ற, மருத்துவத்தால் சரிசெய்யக்கூடிய சிறு குறைகள்தான்.

சிகித் ஒரு கொடூர ஆட்சியின் கதை, நம் ஊர் இல்லங்களோடு அதை ஒப்பிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் அதன் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும். சார்லஸ் நெல்சன், நாதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்தில் புகாரெஸ்ட் நகரின் ஆறு இல்லங்களிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். இந்த இல்லங்கள் சிகித் போன்றவை அல்ல. சோறு இருந்தது, வெப்பமும் படுக்கையும் மருந்தும் இருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்று: தனக்கென்று ஒரு ஆள். இல்லத்திலேயே இருந்த குழந்தைகளின் ஐ.கியூ. பின்தங்கியது, மூளையின் மின்செயல்பாடு மங்கியிருந்தது, ஒருவரோடு ஒட்டி உறவாடும் திறனே பலரிடம் உருவாகவில்லை. குடும்பத்துக்குப் போன குழந்தைகள் தேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகம் தேறினார்கள்.

ருமேனியா பாடம் கற்றது. 2004இல் இயற்றிய 272ஆம் எண் சட்டத்தில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை இல்லத்தில் வைக்கக் கூடாது என்றது. பாராட்ட வேண்டிய சட்டம்தான். ஆனால் அதே பிரிவுக்குள் கடுமையான குறைபாடுள்ள குழந்தைகளுக்கு விலக்கு எழுதப்பட்டிருந்தது. சிகித்தில் இறந்த குழந்தைகள் எந்த வகையினர் என்று வகைப்படுத்தப்பட்டார்களோ, அதே வகைக் குழந்தைகளை அந்த நாட்டின் சீர்திருத்தச் சட்டமும் இல்லத்துக்குள்ளேயே விட்டுவைத்தது. புகாரெஸ்ட் ஆய்விலும் மரபணுக் கோளாறு உள்ள குழந்தைகள் சேர்க்கப்படவில்லை. ஆய்வுக்கு அதற்கான காரணம் இருந்தது. ஆனாலும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் அந்த ஆய்வைப் படித்துவிட்டு, "அது மற்ற குழந்தைகளுக்கு, இவர்களுக்கு அன்பு புரியுமா, இடம் மாறினால்கூடத் தெரியுமா" என்று கேட்கிறவர்களுக்கு அது ஒரு சாக்காகிவிட்டது.

இவர்களுக்கும் அது பொருந்தும் என்று பிரிட்டனில் காட்டி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. லண்டனின் ஃபவுண்டன் மருத்துவமனையில் கடுமையான அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகள் பெரிய வார்டுகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். 1958இல் ஜாக் டிசார்ட் என்ற உளவியலாளர் அவர்களில் 16 பேரை ப்ரூக்லாண்ட்ஸ் என்ற நாட்டுப்புற வீட்டுக்கு அழைத்துப் போனார். அதே நிலையிலிருந்த 16 பேர் மருத்துவமனையிலேயே இருந்தார்கள். ப்ரூக்லாண்ட்ஸில் சிறு குழுக்கள்; ஒவ்வொரு குழுவுக்கும் தனக்கென்று ஒரு பராமரிப்பாளர்; விளையாட்டு, தோட்டம், பேச்சு. இரண்டு ஆண்டுகளில் அங்கே போன குழந்தைகளின் மொழித் திறன் சராசரியாக 14 மாத வளர்ச்சி கண்டது. வார்டில் இருந்தவர்களுக்கு அது ஆறு மாதம். ப்ரூக்லாண்ட்ஸ் ஒரு வீடுகூட அல்ல, சிறிய விடுதிதான். வீட்டின் சாயலுக்கே இவ்வளவு பலன்.

தனிப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும் என்ற வாதத்துக்கு வருவோம். 1930களில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஹரோல்ட் ஸ்கீல்ஸ் என்ற உளவியலாளர், மந்தமானவர்கள் என்று கருதப்பட்ட 13 குழந்தைகளை அனாதை இல்லத்திலிருந்து எடுத்து, அறிவுசார் குறைபாடுள்ள பெண்கள் வசித்த விடுதியில் விட்டார். பயிற்சி பெற்ற ஒருவரும் அந்தப் பெண்களில் இல்லை. அவர்களையே சமூகம் ஒதுக்கி வைத்திருந்தது. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெண் தாயானாள். குழந்தைகளின் ஐ.கியூ. சராசரியாக 25 புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது. அனாதை இல்லத்திலேயே இருந்த 12 குழந்தைகளுக்கோ ஏறத்தாழ அதே அளவு சரிந்தது. 1966இல் வெளியான தொடர் ஆய்வின்போது அந்த 13 பேரும் வளர்ந்து, சொந்தக் காலில் நின்று வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

பிசியோதெரபி வேண்டாம், மருத்துவர் வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கண்டிப்பாக வேண்டும். ஆனால் பிசியோதெரபிஸ்ட் இல்லத்தில் இருந்தாலும் ஒரு குழந்தையோடு அவர் செலவிடும் நேரம் நாளுக்கு அரை மணிகூடத் தேறாது. மீதி நேரமெல்லாம் ஆயாவின் கையில். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு ஒரு வேளை சோறு ஊட்ட அரை மணி நேரமாவது பிடிக்கும். நிமிர்த்தி உட்கார வைத்து, கழுத்தைத் தாங்கி, ஒரு வாய் விழுங்கியதும் அடுத்த வாய் கொடுக்க வேண்டும். ஒரு ஆயாவிடம் பத்துப் பிள்ளைகள் என்றால் ஒரு வேளைக்கு ஐந்து மணி நேரம், மூன்று வேளைக்குப் பதினைந்து. எந்தப் பெண்ணாலும் அது ஆகாது. ஆகவே சோறும் குழம்பும் ஒன்றாகக் கரைக்கப்பட்டு, படுத்த நிலையிலேயே வாயில் ஊற்றப்படுகின்றன. சோறு மூச்சுக்குழாயில் இறங்குகிறது, நுரையீரலில் சீழ் பிடிக்கிறது. எடை குறைந்து, அடிக்கடி சளிக் காய்ச்சலில் விழுந்து, ஒருநாள் இறந்துபோகும் குழந்தையின் சான்றிதழில் நிமோனியா என்றுதான் எழுதப்படும். குறைபாட்டால் வந்த மரணம் என்று எல்லோரும் ஆறுதல் கொள்வார்கள்.

இதில் ஆயாவைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குறைந்த சம்பளத்துக்கு, இரவு பகல் ஷிஃப்டில், மலம் அள்ளி, பேன் பார்த்து, தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிய உழைக்கும் பெண்களின் கருணையில்தான் பல பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு ஆயா ஒரு குழந்தையிடம் மனம் ஒட்டிப்போனாலும் ஷிஃப்ட் முடிகிறது, வேறு வேலை கிடைக்கிறது, அவர் போய்விடுகிறார். பிள்ளை அடுத்தவரிடம் தொடங்க வேண்டும். பிறகு அடுத்தவரிடம். நல்ல இல்லத்திலும் இதுதான் நிலை, ஏனென்றால் இல்லம் என்ற அமைப்பே இப்படித்தான் ஓடும்.

பார்வையாளர்களுக்கு இது தெரிவதில்லை. இல்லத்துக்குப் போய்வந்தவர்கள் நெகிழ்ந்து சொல்லும் ஒரு காட்சி உண்டு: உள்ளே நுழைந்ததுமே முன்பின் தெரியாத பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டார்கள், மடியில் ஏறிக்கொண்டார்கள், விடவே இல்லை. பாசக்காரப் பிள்ளைகள் என்கிறார்கள். வீட்டில் வளரும் குழந்தை அந்நியரைக் கண்டால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒளிந்துகொள்ள யாரும் இல்லாத குழந்தைதான் வருகிற எல்லோரிடமும் தாவும். மனநல மருத்துவம் இதை இல்லங்களில் வளர்ந்த குழந்தைகளிடம் காணப்படும் கோளாறாகவே பதிவு செய்திருக்கிறது. முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும் பிள்ளையையும், கையைக் கடித்துக்கொள்ளும் பிள்ளையையும் பார்த்து "ஆட்டிசம் போல" என்று முடிவு கட்டுகிறவர்கள், அதில் எவ்வளவு பிறவிக் குறைபாடு, எவ்வளவு இல்லம் கொடுத்தது என்று ஒருமுறையாவது கேட்டுப் பார்க்கட்டும்.

பேசத் தெரியாத பிள்ளை முறையிடவும் முடியாது. மாமல்லபுரத்து இல்லங்களில் குழந்தைகள் சீரழிக்கப்படுவதாக 2007இல் வந்த ஒரு பத்திரிகைச் செய்தியைத்தான் உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. அதில் 2017 மே மாதம் தீர்ப்பு வர பத்து ஆண்டுகள் ஆயின. எல்லா இல்லங்களையும் பதிவு செய்யுங்கள், கண்காணியுங்கள், தத்து, வளர்ப்புப் பராமரிப்பு போன்ற வழிகளைப் பெருக்குங்கள் என்றது தீர்ப்பு. அதையொட்டிய காலத்தில் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பில் நாடு முழுக்க 9,589 இல்லங்களும் அவற்றில் சுமார் 3.7 லட்சம் குழந்தைகளும் இருந்தார்கள். கண்காணிப்பு இருந்தால் போதும் என்று நம்புகிறவர்களுக்கு டெல்லி ரோகிணியிலுள்ள ஆஷா கிரணை நினைவூட்ட வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ளோருக்காக டெல்லி அரசே நேரடியாக, தலைநகருக்குள்ளேயே நடத்தும் இல்லம் அது. கொள்ளளவுக்கு மீறி ஆட்கள் அடைக்கப்பட்டிருந்த அங்கே, 2024 ஜூலை என்ற ஒரே மாதத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இனி, பெற்றவர்களைப் பற்றி. கல்நெஞ்சக்காரர்கள்தான் பிள்ளையை விட்டுப் போவார்கள் என்பது பொதுப் பேச்சு. உலகெங்கும் அனாதை இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். அவர்களைப் பிள்ளையிடமிருந்து பிரித்தது பெரும்பாலும் வறுமையும் களைப்பும். கணவன் கோபித்துக்கொண்டு போயிருப்பான், மாமியார் பழி சொல்லியிருப்பாள், தெரபிக்காகத் தாய் வாரத்தில் மூன்று நாள் இரண்டு பஸ் மாறிப் போய் வேலையை இழந்திருப்பாள். பிள்ளைக்குப் பத்து வயதாகி எடை கூடியதும் தூக்கவும் முடியாமல் போயிருக்கும். அப்போதுதான் யாராவது அந்த நல்ல ஹோமின் முகவரியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

அந்தத் தாய்க்குத் தமிழ்நாடு அரசு தரும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். டயப்பருக்கும் பஸ்ஸுக்கும் கூடப் போதாத தொகை. அதே பிள்ளையை இல்லத்தில் சேர்த்துவிட்டால், அந்த இல்லத்துக்குக் கட்டடம் எழுப்ப நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி வருகிறது, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்கிறது, பிறந்தநாள் சாப்பாடு வருகிறது, வேட்டி சேலை வருகிறது. பிள்ளையோடு வீட்டிலேயே இருந்து மல்லுக்கட்டும் பக்கத்துத் தெருத் தாய்க்கு ஒரு வீல்சேர் வாங்கிக் கொடுத்தவருக்கு எந்த ரசீதும் கிடையாது. பள்ளத்தை நோக்கி ஓடும் தண்ணீர் போல, பணம் பிள்ளையைப் பிரித்த பிறகே அதைத் தேடிப் போகும்படி நாம் வழி வெட்டி வைத்திருக்கிறோம்.

வேறு மாதிரியும் செய்ய முடியும். கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் அமைப்பும் உள்ளாட்சிகளும் சேர்ந்து நடத்தும் பட்ஸ் பள்ளிகளில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகள் பகலில் இருந்துவிட்டு மாலையில் வீடு திரும்புகிறார்கள். அம்மா வேலைக்குப் போக முடிகிறது. படுக்கையோடு இருப்பவரைக் கவனிக்கும் குடும்பத்தவருக்கு ஆஸ்வாசகிரணம் என்ற பெயரில் ஒரு சிறு மாதத் தொகையும் அங்கே உண்டு. தொகை மிகக் குறைவு; ஆனாலும் கவனிப்பதும் ஒரு வேலை என்று அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, சிறு குழந்தைகளின் வீடுகளுக்கே அனுப்பி, அம்மாவின் கையாலேயே பயிற்சியைச் செய்ய வைக்கிறது. நிபுணர்கள் கைபேசிச் செயலி வழியாக அவர்களுக்குத் துணை நிற்கிறார்கள். உலக வங்கிக் கடனுதவியில் தமிழக அரசு திறந்துவரும் 'விழுதுகள்' மையங்களின் நோக்கமும் சிகிச்சையை வீட்டுக்கு அருகே கொண்டுவருவதுதான். இவை ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை கைவிடப்படுவதற்கு முன்பே அந்த வீட்டுக் கதவைத் தட்டுகின்றன.

உண்மையிலேயே எவரும் இல்லாத பிள்ளைகளும் உண்டு. குப்பைத் தொட்டியருகே, ரயில் நிலையத்தில், பிரசவ வார்டில் விட்டுச் செல்லப்பட்டவர்கள். இவர்களை யார் வளர்ப்பார்கள் என்ற கேள்விக்கு, கேட்டுப் பார்த்த இடங்களில் பதில் கிடைத்திருக்கிறது. இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக் குடும்பங்களுக்குத் தத்துப் போகிறவர்களில் சிறப்புத் தேவை உள்ள குழந்தைகள் ஏராளம். கடல் கடந்து ஒரு குடும்பம் வந்து அழைத்துப்போகத் தயாராக இருக்கும் பிள்ளைக்கு உள்ளூரில் ஆளே கிடைக்காது என்று எதை வைத்து முடிவு செய்தோம்? ஷாங்காயில் 1998இல் ராபர்ட் குளோவர் என்ற பிரிட்டிஷ் சமூகப் பணியாளர் அந்நகர அரசோடு சேர்ந்து, இல்லத்துக் குழந்தைகளைச் சாதாரண நகரவாசிகளின் வீடுகளில் வைக்கத் தொடங்கினார். குறைபாடுள்ள குழந்தைகளும் அதில் இருந்தார்கள். சீனர்கள் பிறர் பிள்ளையை ஏற்க மாட்டார்கள் என்ற ஆருடம் பொய்த்தது. ருமேனியா வளர்ப்புத் தாய்மாரைச் சம்பளமும் பயிற்சியும் உள்ள பணியாளர்களாகவே ஆக்கியது. இந்தியாவின் 2015 இளைஞர் நீதிச் சட்டத்திலும் வளர்ப்புப் பராமரிப்புக்கு இடமிருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய்க்கும் இடமிருக்கிறது. 2024இல் திருத்தப்பட்ட நெறிமுறைகள் தனியாக வாழ்பவரும் குழந்தையை ஏற்கலாம் என்கின்றன. நம் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கோயில் கும்பாபிஷேகத்துக்குச் சுவரெங்கும் ஒட்டுகிற போஸ்டரில் நூறில் ஒரு பங்கு இதற்காக ஒட்டியிருந்தால், "யாரும் வரவில்லை" என்று சொல்ல நமக்கு உரிமை இருந்திருக்கும்.

அப்படியானால் நாளைக்கே இல்லங்களைப் பூட்டிவிடலாமா? கூடவே கூடாது. தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாண அரசு செலவைக் குறைக்க 2016இல் லைஃப் எசிடிமேனி மருத்துவமனைகளிலிருந்து மனநோயாளிகளையும் அறிவுசார் குறைபாடுள்ளோரையும் அவசர அவசரமாக வெளியேற்றி, தகுதியற்ற தொண்டு அமைப்புகளிடம் ஒப்படைத்தது. பசியிலும் குளிரிலும் 144 பேர் இறந்தார்கள். இல்லத்தை ஆதரிப்பவர்கள் இந்தச் சம்பவத்தைச் சுட்டிக்காட்டுவார்கள். சுட்டிக்காட்டட்டும். ஆனால் அங்கே அவர்கள் போனது குடும்பங்களுக்கு அல்ல, இன்னும் மோசமான இல்லங்களுக்கு. மிச்சம் பிடிப்பதற்காகச் செய்தால் கொலையில் முடியும் என்பதே அதில் தெரிவது. பணமும் ஆட்களும் பிள்ளையோடு சேர்ந்து வீட்டுக்குப் போக வேண்டும்.

அப்படிப் போன இடம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அறிவுசார் குறைபாடுள்ளோருக்காக இருந்த பென்ஹர்ஸ்ட் விடுதியை நீதிமன்றத் தீர்ப்பையடுத்து மூடத் தொடங்கியபோது, அங்கிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் குடும்பத்தினரில் பெரும்பாலானோர் எதிர்த்தார்கள். அவர்கள் பயந்தது நியாயமே. ஆய்வாளர் ஜேம்ஸ் கான்ராயும் சகாக்களும் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொருவரையும் பின்தொடர்ந்தார்கள். ஊருக்குள் சிறு வீடுகளுக்குத் தக்க துணையோடு மாறியவர்களின் அன்றாடத் திறன்கள் வளர்ந்தன. எதிர்த்த பெற்றோரில் பெரும்பாலானோர், பிள்ளைகளின் புதிய வாழ்க்கையைக் கண்ணால் பார்த்த பிறகு, மனம் மாறினார்கள். 1987இல் பென்ஹர்ஸ்ட் மூடப்பட்டது.

"நான் போயிட்டா என் பிள்ளைய யார் பாப்பா?" குறைபாடுள்ள பிள்ளையைப் பெற்ற ஒவ்வொரு தாயின் தூக்கத்தையும் கெடுக்கும் கேள்வி இது. ஐந்து வயதிலேயே பிள்ளையை இல்லத்தில் சேர்த்துவிட இதுவே காரணமாகிறது. நாற்பது ஆண்டு கழித்து வரக்கூடிய பிரிவுக்காக இன்றே பிரிப்பது எப்படித் தீர்வாகும்? 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவின் மூலம் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்க வழி செய்திருக்கிறது. வளர்ந்தவர்கள் நாலைந்து பேர் துணையோடு சேர்ந்து வாழும் சிறு வீடுகளையும் திட்டமிட முடியும். அதுவரை அந்தத் தாய்க்கு வேண்டியது மாதத்தில் இரண்டு நாள் ஓய்வு. ஒரு கல்யாணத்துக்கோ தன் மருத்துவத்துக்கோ போய்வர, பிள்ளையை நம்பி விட ஓர் இடம்.

அந்த இடமாக இன்றைய இல்லங்களே மாறலாம். கட்டடம் இருக்கிறது, வேன் இருக்கிறது, பிசியோதெரபி அறையும் பழகிய ஆயாக்களும் இருக்கிறார்கள். பகல் நேர மையமாக, ஓரிரு நாள் தங்கும் விடுதியாக, வீடு தேடிப் போகும் தெரபி குழுவாக அவற்றை நடத்தலாம். அறங்காவலர்கள் இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அலுவலக அலமாரியில் இருக்கும் சேர்க்கைப் படிவங்களை எடுத்து, எத்தனை பிள்ளைகளுக்குத் தாயின் பெயரும் ஊரும் எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். சமூகப் பணியாளர் ஒருவரை அந்த முகவரிகளுக்கு அனுப்பி, பிள்ளையை அழைத்துக்கொள்ள என்னென்ன வேண்டும், மாதம் எவ்வளவு ஆகும் என்று அந்தத் தாயிடமே கேட்டு எழுதி வரச் சொல்லலாம். அந்தப் பட்டியலை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் மேசையில் வைத்து, பதில் எழுத்தில் வேண்டும் என்று கேட்கலாம்.